இலை உதிரும் சாடிச்செடி: பழைய விடைகளும் வலிகாமத்துத் தண்ணீரும்

சாடியில் நிற்கும் செடி இலை கொட்டத் தொடங்கினால் என்ன செய்வது? கேள்வி சிறியது. அதற்குச் சொல்லப்பட்ட விடைகளுக்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதியிலுள்ள சண்டிலிப்பாயில் ஒரு வீட்டு விறாந்தையில் குரோட்டன் உதிரத் தொடங்கினால், வந்து பார்ப்பவர் ஒருவர் தண்ணீர் காணாது என்பார். இன்னொருவர் தண்ணீர் கூடிவிட்டது என்பார். மாட்டெரு போடச் சொல்பவர் உண்டு, சாடியை மாற்றச் சொல்பவர் உண்டு, வேப்பெண்ணெய் தெளிக்கச் சொல்பவர் உண்டு. வயது முதிர்ந்த ஒருவர் கண்ணூறு என்று சொல்லிவிட்டுப் போவார். இவை ஒன்றையொன்று மறுக்கும் விடைகள். ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு மரபும், பலருடைய கைப்பழக்கமும் நிற்கின்றன. அவற்றை வரிசையில் வைத்துப் பார்த்து, எது எங்கிருந்து வந்தது, எங்கே வலுவிழக்கிறது என்று மதிப்பிடுவதே இக்கட்டுரையின் வேலை.

வீட்டுச்செடி என்று ஐரோப்பிய நூல்கள் சொல்வது மூடிய அறைக்குள் சன்னலோரம் நிற்கும் செடியை. யாழ்ப்பாணத்து வீட்டில் அது பெரும்பாலும் விறாந்தையிலோ, போட்டிக்கோவின் கீழோ, முற்றத்து மாமர நிழலிலோ நிற்கும். குரோட்டன், மணிபிளான்ற், அந்தூரியம், பிகோனியா, பன்னம் என்று அங்கே அணிவகுக்கும் செடிகளில் பல ஈரவலயக் காடுகளைப் பூர்வீகமாகக் கொண்டவை. குரோட்டனின் தாயகம் மலாய்த் தீவுகள் பக்கம். அந்தூரியத்தின் தாயகம் தென்னமெரிக்க மழைக்காடு. அவை வந்து சேர்ந்திருக்கும் நிலமோ, ஆண்டு மழையின் பெரும்பங்கும் ஐப்பசி முதல் மார்கழி வரையான சில வாரங்களில் கொட்டித் தீர்ந்து, எஞ்சிய மாதங்களில் சுண்ணாம்புப் பாறைக்குள்ளிருந்து இறைக்கும் கிணற்று நீரையே நம்பும் நிலம். இந்தப் பொருத்தமின்மையைக் கணக்கில் எடுக்காத எந்த விடையும் இங்கே பாதி விடைதான்.

இலை எப்படி விழுகிறது

இலை தானாகக் கழன்று விழுவதில்லை. செடி அதைக் கழற்றிவிடுகிறது. இலைக்காம்பின் அடியில் மெல்லிய கலங்களாலான உதிர்வலயம் ஒன்று இருக்கிறது. நலமான இலை ஒட்சின் என்ற வளர்ச்சிப் பொருளை இடையறாது காம்பு வழியாக அனுப்பிக்கொண்டிருக்கும்வரை அந்த வலயம் அசையாமல் இருக்கும். ஒட்சின் வரத்துக் குறைந்து எதிலீன் வாயு கூடினால், அங்குள்ள கலச்சுவர்கள் கரைந்து காம்பு பிரிகிறது. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய நகரங்களில் விளக்கு எரிக்கும் வாயு கசிந்த தெருக்களில் மரங்கள் இலை கொட்டியதை மக்கள் கண்டார்கள். அந்த வாயுவில் வேலை செய்த பொருள் எதிலீன்தான் என்று உருசிய ஆய்வாளர் நெல்யுபோவ் 1901இல் காட்டினார்.

இதிலிருந்து ஒரு முக்கியமான முடிவு வருகிறது. வரட்சி, நீர்த்தேக்கம், இருள், உப்பு, பூச்சி, இடமாற்றம் என்று காரணம் எதுவானாலும், செடி காட்டும் அடையாளம் ஒன்றுதான். இலை உதிர்வை மட்டும் வைத்து நோயைச் சொல்ல முடியாது. எந்த இலை முதலில் போகிறது என்பது அதைவிடக் கூடுதலாகப் பேசும். அடியிலைகள் ஒரே சீராக மஞ்சளாகி விழுந்தால் நைதரசன் குறைவையோ, வேரடியில் நீர் தேங்கியதையோ சந்தேகிக்கலாம். நுனித்தளிர் வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்பு கிடைக்கவில்லை. விளிம்பு கருகிப் பின்னர் உதிர்ந்தால் உப்பு. பச்சை இலைகள் திடீரென்று கும்பலாக விழுந்தால் பெரும்பாலும் இடமாற்றம் அல்லது கடுங்காற்று. இவையும் உறுதியான விதிகள் ஆகா; இரண்டு மூன்று காரணங்கள் ஒன்றுசேரும்போது அடையாளங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும்.

வராகமிகிரரும் சுரபாலரும்

நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய விடைகளில் ஒன்று 6ஆம் நூற்றாண்டு வராகமிகிரரின் பிருகத்சம்ஹிதையில் உள்ள விருட்சாயுர்வேதப் பகுதி. குளிர், காற்று, வெயில் ஆகியவற்றால் மரம் நோயுறும், இலை வெளிறும், அரும்பு வளராது, கிளை காயும், சாறு வடியும் என்கிறது அது. மருத்துவமாகச் சொல்வது, கெட்ட பகுதியைக் கத்தியால் நீக்கி, வாய்விடங்கமும் நெய்யும் சேறும் குழைத்துப் பூசி, பால் கலந்த நீர் விடுவது. இந்தக் கலவையைவிட அதே நூலின் நீரூற்று முறை அதிகம் கவனிக்கத்தக்கது. கோடையில் காலையும் மாலையும், குளிர்காலத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள், மழைக்காலத்தில் மண் காய்ந்தால் மட்டும் என்கிறது அது. நாட்காட்டியை விட்டு மண்ணைப் பார்க்கச் சொன்ன அந்த மூன்றாவது பகுதி இன்றும் திருத்தம் வேண்டாதது.

ஏறத்தாழ கி.பி. 1000 அளவில் வாழ்ந்தவராகக் கருதப்படும் சுரபாலரின் விருட்சாயுர்வேதம் இன்னும் விரிவானது. அதன் சுவடி ஒன்று ஒக்ஸ்போர்டின் பொட்லியன் நூலகத்தில் இருந்தது. 1996இல் நளினி சாதலேயின் ஆங்கில மொழிபெயர்ப்புடன் அச்சேறியது. மனித உடலைப் போலவே மரத்துக்கும் வாதம், பித்தம், கபம் என்ற கணக்கு அதில் உண்டு. கோடை முடிவில் கசப்பும் புளிப்பும் உவர்ப்பும் மிகுந்தவற்றை நீரோடு அளவுக்கு மீறி ஊற்றினால் பித்தநோய் வரும், இலை மஞ்சளாகும் என்று அது சொல்கிறது. பித்தம் என்ற விளக்கத்தை இன்று யாரும் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் கோடை முடிவும் உவர்ப்பும் மஞ்சளிப்பும் சேரும் அந்த மூன்று புள்ளிக் கவனிப்பு, ஆவணி மாதத்து வலிகாமக் கிணறு ஒன்றின் பக்கத்தில் நின்று எழுதியதுபோல் இருக்கிறது.

இந்த மரபின் பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. இவை பெரும்பாலும் நிலத்தில் நிற்கும் மரத்துக்கான நூல்கள். நிலத்து மரத்தின் வேர் தப்பிப் போக இடமுண்டு. சாடிச்செடியின் வேருக்கு அது இல்லை.

ஊட்டம் போதவில்லை என்ற விடை

வான் எல்மொந்த் என்ற ஆய்வாளர் ஒரு வில்லோக் கன்றை 200 இறாத்தல் உலர்மண்ணில் நட்டு ஐந்து ஆண்டுகள் நீர் மட்டும் ஊற்றி வளர்த்தார். 1648இல், அவர் இறந்தபின் வெளியான நூலில் அந்தக் கணக்கு உண்டு: மரம் 169 இறாத்தலுக்கு வளர்ந்தது, மண் குறைந்தது ஏறத்தாழ இரண்டு அவுன்சு. மரம் முழுவதும் நீராலானது என்று அவர் முடிவுகட்டினார். 1699இல் ஜோன் உட்வார்ட் மழைநீரிலும் தேம்சு ஆற்று நீரிலும் மண் கலக்கிய நீரிலும் புதினா வளர்த்துப் பார்த்து, கலங்கல் நீரிலேயே வளர்ச்சி அதிகம் என்று கண்டார். தண்ணீரில் கரைந்திருப்பதுதான் சங்கதி என்று அப்போதே தெரிந்தது. சுப்பிரெங்கல் 1828இலும் லீபிக் 1840இலும் கனிமக் கோட்பாட்டை நிலைநாட்டியபின், வாடும் செடி பசித்த செடி என்ற எண்ணம் உலகெங்கும் பரவியது.

நம்மூரில் இந்த விடை பல உருவங்களில் உண்டு. மாட்டெரு, ஆட்டெரு, சீமைக்கிளுவைக் குழை, மீன் கழுவிய தண்ணீர், அரிசி களைந்த நீர், கடையில் வாங்கும் யூரியா. சுரபாலர் சொன்ன, பன்றியின் இறைச்சியையும் எலும்பு மச்சையையும் நீரில் ஊறவைத்த குணபஜலத்துக்கும் இன்றைய மீன் கரைசலுக்கும் இடையே உறவு தெளிவு. தமிழகத்தில் கொடுமுடி மருத்துவர் நடராஜன் பரப்பிய பஞ்சகவ்யமும் இந்த வரிசையில் வருவதே. 2021இல் இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைப்பட்டு, அவ்வாண்டு இறுதியில் தடை தளர்ந்தபின்னும் விலை எட்டாத உயரத்தில் நின்றபோது, கூட்டெரு பற்றிய அறிவு பல வீடுகளுக்குத் திரும்பி வந்தது. அது நல்லதே.

ஆனால் இலை கொட்டும் செடிக்கு ஊட்டம் கொடுப்பதில் இரண்டு இடர்கள் உண்டு. பழுதான வேர் உப்பை உறிஞ்ச முடியாது. ஊற்றிய பசளை சாடிக்குள்ளேயே தங்கி, எஞ்சிய வேரையும் சுடும். மற்றது குடாநாட்டுக்கே உரியது. வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் பயிரிட்டுத் தாராளமாகப் பசளை போட்ட வலிகாமத்தின் பல கிணறுகளில் நைத்திரேற்று உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் பல தடவை காட்டியுள்ளன. அந்த எல்லையில் நிற்கும் நீரிலேயே லீற்றருக்கு 11 மில்லிகிராம் அளவு நைதரசன் இருக்கிறது. நாளுக்கு அரை லீற்றர் ஊற்றினால் மாதத்தில் 165 மில்லிகிராம். நிழலில் மெல்ல வளரும் சிறு செடிக்கு இது புறக்கணிக்கும் தொகை அன்று. குடிக்கக் கூடாத தண்ணீர் செடிக்கு ஓரளவு பசளைத் தண்ணீராகவே போகிறது. எனவே இங்கே ஒரு சாடிச்செடி நைதரசன் இல்லாமல் உதிர்கிறது என்று சொல்லுமுன் பலமுறை யோசிக்க வேண்டும்.

வேரின் மூச்சு

திருக்குறளின் உழவு அதிகாரத்தில், உழுத புழுதியை நான்கில் ஒரு பங்காகும்வரை காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாமல் பயிர் விளையும் என்ற கருத்தில் ஒரு குறள் இருக்கிறது. ஊட்டத்தைவிட மண்ணின் நிலை முந்தியது என்பதற்கு நம்மிடமுள்ள பழைய சாட்சிகளில் ஒன்று அது. நவீன சாடிப் பயிர்ச்செய்கையும் இந்த இடத்துக்கே வந்து சேர்ந்தது. 1930களில் இங்கிலாந்தின் ஜோன் இன்னெஸ் நிறுவனம் சாடிமண் கலவைகளுக்கு அளவு வகுத்தது. 1957இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகம் மணலும் முற்றாத நிலக்கரி போன்ற பீற்றும் கலந்த முறையை நூலாக்கியது. இரண்டின் மையக் கவலையும் வேருக்குக் காற்றும் நோயற்ற மண்ணும்தான்.

நீர் தேங்கிய மண்ணில் ஒட்சிசன் போய்விடும். அப்போது வேரில் எதிலீனின் முன்பொருள் ஒன்று சேர்ந்து தண்டு வழியே ஏறி, மேலே காற்றுப்பட்டதும் எதிலீனாக மாறுகிறது. தக்காளிச் செடிகளில் 1980 அளவில் இது தெளிவாகக் காட்டப்பட்டது. ஈரமான சாடியில் நிற்கும் செடி ஏன் தாகம் எடுத்ததுபோல் தொங்கி இலை கொட்டுகிறது என்ற பழைய புதிருக்கு இதுவே சிறந்த விளக்கம். வாடியதைக் கண்டவர் மேலும் தண்ணீர் ஊற்றுகிறார். செடி மேலும் வாடுகிறது. வீட்டுச்செடிகள் சாவதற்கு இதைவிடப் பெரிய வழி கிடையாது என்பது என் மதிப்பீடு.

செம்மண்ணைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வலிகாமத்தின் செம்மண் நல்ல மண் என்பதில் யாருக்கும் ஐயமில்லை; தோட்டத்தில் எது நட்டாலும் வரும். அதையே அள்ளிச் சாடியில் நிரப்புவது இயல்பான செயல். ஆனால் தோட்டத்தில் அந்த மண் நன்றாக வடிவதற்குக் காரணம் அதன் ஆழமும் கீழே துளைகள் நிறைந்த சுண்ணாம்புப் பாறையும். எட்டங்குல ஆழச் சாடியில் அவை இரண்டும் இல்லை. மண்ணின் அடியில் எப்போதும் ஒரு நீர் நிறைந்த படை தங்கும். சாடி ஆழம் குறையக் குறைய அந்தப் படை மண்ணில் பெரும்பங்கைப் பிடித்துக்கொள்ளும். ஆறு மாதத்தில் செம்மண் இறுகிக் கட்டியாகும். வழுக்கையாற்றை ஒட்டிய வயல்களின் கனத்த மண்ணானால் நிலைமை இன்னும் மோசம்.

அடியில் ஓட்டுத்துண்டும் கல்லும் போட்டால் வடியும் என்ற நம்பிக்கை ஊரெங்கும் உண்டு, உலகெங்கும் உண்டு. மண் பௌதிகம் இதை மறுக்கிறது. நுண்துளை மண்ணிலிருந்து பெருந்துளைக் கல்லுக்கு நீர் எளிதில் இறங்காது. மண் நிறைந்த பின்னரே சொட்டும். ஆக, கற்படை நீர் தேங்கும் பகுதியை வேருக்கு இன்னும் அருகே உயர்த்திவிடுகிறது. துளையை அடைக்காமல் ஒரே ஒரு வளைந்த ஓட்டுத்துண்டு வைப்பது வேறு, அதற்குப் பயனுண்டு. முருகைக்கல்லோ சுண்ணாம்புக்கல்லோ போடுவது இருமடங்கு தவறு, ஏனெனில் ஏற்கெனவே காரமான சாடிக்கு அது மேலும் சுண்ணாம்பைச் சேர்க்கும்.

இந்த நிலைப்பாட்டின் வலிமை, அதைச் சோதித்துப் பார்க்கலாம் என்பது. செடியின் அடித்தண்டை இரு விரலிடையே பிடித்துச் சாடியைக் கவிழ்த்துத் தட்டினால் மண்கட்டி முழுதாக வெளியே வரும். வெள்ளையும் வெளிர்மஞ்சளுமான, தொட்டால் உறுதியாக இருக்கும் வேர்கள் நலமானவை. பழுப்பேறி, இழுத்தால் மேற்தோல் உறைபோலக் கழன்று உள்ளே நார் மட்டும் எஞ்சும் வேர் செத்தது. முட்டை நாற்றம் அடித்தால் காற்றில்லாமல் நெடுநாள் கிடந்தது. சாடியின் உட்சுவரை ஒட்டி வேர்கள் சுற்றிச் சுற்றிப் பாய் முடைந்ததுபோல் கிடந்தால் இடமில்லை என்று பொருள். இலையைப் பார்த்து ஒரு கிழமை ஊகிப்பதைவிட இந்த இரண்டு நிமிடப் பார்வை அதிகம் சொல்லும்.

கிணற்று நீரும் உப்பும்

இனி, வெளிநாட்டு நூல்கள் ஓரிரு வரியில் கடந்துபோகும், வலிகாமத்தில் தலையாயதாக நிற்கும் காரணத்துக்கு வருவோம். குடாநாட்டின் நிலத்தடி நன்னீர், மயோசீன் காலச் சுண்ணாம்புப் பாறைக்குள், கனமான கடல்நீரின்மேல் மிதக்கும் வில்லை வடிவப் படலம். மாரியில் அது தடிக்கும்; கோடையில் இறைக்க இறைக்க மெலிந்து, கீழுள்ள உவர் மேலேறும். சண்டிலிப்பாயில் ஒரே ஒழுங்கைக்குள் ஒரு வீட்டுக் கிணறு நன்னீராகவும் அடுத்த வீட்டுக் கிணறு சவராகவும் இருப்பது அதிசயம் அன்று. 2014, 2015 காலத்தில் சுன்னாகத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் எழுந்தபின் மக்கள் கிணற்று நீரைப் பற்றிக் கவனமாகப் பேசத் தொடங்கினார்கள். அந்தப் பேச்சு குடிநீரோடு நின்றுவிட்டது. செடிக்கு ஊற்றும் நீரை யாரும் கேட்கவில்லை.

ஐக்கிய நாடுகள் உணவு விவசாய அமைப்பின் 1985ஆம் ஆண்டு வழிகாட்டி, நீரின் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 0.7 தெசிசீமனுக்குக் கீழிருந்தால் பயிருக்குத் தடையில்லை, 3க்கு மேல் கடும் தடை என்று வகுக்கிறது. இடைப்பட்ட 1.5 என்ற நீரை எடுத்துக்கொள்வோம். அதில் லீற்றருக்கு ஏறத்தாழ 1 கிராம் கரைந்த உப்பு இருக்கும். நாளுக்கு அரை லீற்றர் ஊற்றி, அடியில் ஒன்றும் வடியாமல் போனால், மாதத்தில் சாடிக்குள் சேர்வது 15 கிராம். ஏறத்தாழ மூன்று தேக்கரண்டி. நீர் ஆவியாகும், செடி உறிஞ்சும், உப்பு போகாது. மண்சாடியின் வெளிப்புறத்தில் வெள்ளைப் பொருக்கு பூத்திருப்பதும், மண்ணின் மேல் சாம்பல்நிற ஏடு படிவதும் இதன் கண்கூடான சாட்சி. முற்றத்தில் நிற்கும் சாடியைக் கார்த்திகை மழை கழுவிவிடும். விறாந்தைக்குள் நிற்கும் சாடிக்கு அந்தக் கழுவல் ஒருபோதும் கிடைப்பதில்லை. ஒரே நாளில் வாங்கி ஒரே தண்ணீர் ஊற்றிய இரு குரோட்டன்களில் வெளியில் நிற்பது செழித்து, உள்ளே பத்திரமாக வைத்தது உதிர்வதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

சோடியமும் குளோரைட்டும் மட்டுமல்ல, இருகாபனேற்றும் உண்டு. சுண்ணாம்பு நீரை ஊற்ற ஊற்ற மண் காரமாகி, இரும்பு இருந்தும் வேருக்கு எட்டாமல் பூட்டப்படும். அந்தூரியமும் றோசாவும் நுனி வெளிறுவதை இங்கே அடிக்கடி காணலாம். துருப்பிடித்த ஆணி புதைப்பது இதற்குப் பழக்கமான கைமருந்து. காரமண்ணில் ஆணியின் இரும்பும் அதே பூட்டுக்குள் போய்விடும். கடையில் கிடைக்கும் இரும்புக் கலவைகளிலும் காரத்தைத் தாங்குபவையும் தாங்காதவையும் உண்டு. புளித்தண்ணீரும் எலுமிச்சைச் சாறும் இருகாபனேற்றை ஓரளவு நடுநிலையாக்கும் என்பது வேதியியல்படி சரி, ஆயினும் அளவு கிணற்றுக்குக் கிணறு மாறும். கூடினால் வேரைச் சுடும்.

நம்பிக்கையான தீர்வு மழைநீர். 10 சதுர மீற்றர் கூரையில் 10 மில்லிமீற்றர் மழை பெய்தால் 100 லீற்றர். பத்துச் சாடிகளுக்கு நாளுக்கு ஐந்து லீற்றர் என்று வைத்தால், நான்கு மாதக் கோடைக்கு 600 லீற்றர் போதும், மூன்று பரல்கள். அவற்றை நுளம்பு புகாதபடி வலைகட்டி மூட வேண்டும். டெங்கு காலத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் சாடியடித் தட்டுகளை எடுத்துவிடச் சொல்வது வழக்கம். அந்தக் கட்டளை செடிக்கும் நன்மையே. தட்டில் நிற்கும் உப்புநீரைச் சாடி திரும்ப உறிஞ்சிக்கொள்ளும்.

ஒளி, காற்று, இடமாற்றம்

புளோரிடாவில் 1970களில் கொனோவரும் பூலும் செய்த ஆய்வுகள் இந்தப் பகுதியின் அடித்தளம். வெயிலில் வளர்ந்த பெஞ்சமின் அத்தியை நேரே அறைக்குள் வைத்தால் இலைகளைக் கொட்டுகிறது. சில மாதம் நிழலில் பழக்கி உள்ளே கொண்டுவந்தால் மிகக் குறைவாகவே கொட்டுகிறது. வெயிலில் உருவான இலை நிழலில் தன் செலவுக்கே உழைக்க முடியாததால் செடி அதைக் கழித்துவிட்டு, நிழலுக்கேற்ற இலையைப் புதிதாக எடுக்கிறது. இந்த உதிர்வு நோய் ஆகாது. அந்த நேரத்தில் பதறி மறுபடி இடம் மாற்றுவதும் எரு போடுவதுமே செடியைக் கொல்லும்.

யாழ்ப்பாணத்தில் கார்த்திகையை ஒட்டிய மலர்க் கண்காட்சிகளிலும் மரநடுகை நாட்களிலும் கன்றுகள் அதிகம் விற்பனையாகின்றன. மலையகத்துக் குளிரில் வளர்ந்தவையும் அவற்றுள் உண்டு. மாரி முடியும்வரை அவை நன்றாகவே நிற்கும். மாசி, பங்குனியில் வெயில் ஏறும்போது உதிர்வு தொடங்கும்; வைகாசிக்குப் பின் சோளகக் காற்று விறாந்தையை ஊடறுத்து வீசும்போது மெல்லிலைச் செடிகள் வேரால் ஈடுகொடுக்க முடியாத வேகத்தில் நீரை இழக்கும். ஒரு சாக்குத் திரையோ, சாடிகளை நெருக்கி வைப்பதோ இதற்குப் போதும். இலைமேல் அடிக்கடி நீர் தெளிப்பதால் காற்றின் ஈரம் சில நிமிடங்களே கூடும். கிணற்று நீரானால் வெள்ளைப் புள்ளிதான் மிச்சம்.

பூச்சி

இலையடியில் சிற்றுண்ணியும், கணுக்களில் மாப்பூச்சியும், தண்டில் செதிற்பூச்சியும் இருந்தால் உதிர்வுக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. 2008இல் இலங்கையில் கண்டறியப்பட்ட பப்பாசி மாப்பூச்சி செவ்வரத்தையையும் அலரியையும்கூட விடவில்லை. மருந்தடித்து அடங்காத அது, 2009இல் கொண்டுவந்து விட்ட சிறு ஒட்டுண்ணிக் குளவியால் அடங்கியது. வேப்பெண்ணெயும் சவர்க்கார நீரும் மென்மையான பூச்சிகளுக்குப் பயன்படும். பூச்சி இல்லாத செடிக்கு அவற்றைத் தெளிப்பது, தளர்ந்த இலையின் துளைகளை எண்ணெயால் மூடுவதாகவே முடியும்.

கைராசி, துடக்கு, பாட்டு

அவர் கைபட்டால் எதுவும் துளிர்க்கும் என்று சிலரைச் சொல்வோம். துடக்கு நாளில் கறிவேப்பிலையையும் துளசியையும் தொடக்கூடாது என்ற வழக்கத்துக்கு எந்த ஆதாரமும் இல்லை. அது பெண்களின்மேல் வைத்த சுமை, செடிக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை. கைராசியை அவ்வளவு எளிதாகத் தள்ள முடியாது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறையின் சிங் 1950களில் செடிகளுக்கு இசை கேட்கச் செய்து வளர்ச்சி கூடியதாக அறிவித்தார். 1973இல் வந்த ஒரு புகழ்பெற்ற ஆங்கில நூல் அதையும், செடிக்கு உணர்வு இருப்பதாகச் சொன்ன பாக்சுற்றரின் கருவிச் சோதனைகளையும் உலகுக்குப் பரப்பியது. பாக்சுற்றரின் சோதனையைக் கட்டுப்பாட்டோடு திருப்பிச் செய்தவர்களுக்கு அந்த முடிவு கிடைக்கவில்லை. 1975இல் அந்த மறுப்பு வெளியானது. ஆனால் நாளும் செடியைத் தொட்டு, இலையைப் புரட்டி, மண்ணில் விரல் விட்டுப் பார்ப்பவர் மாற்றத்தை ஒரு கிழமை முன்பே காண்கிறார். கைராசிக்கு இந்த விளக்கம் போதும் என்று நினைக்கிறேன். அதன் மதிப்பு இதனால் குறையாது.

ஒத்துப்போகும் இடமும் மாறுபடும் இடமும்

எல்லாத் தரப்பும் ஏறத்தாழ ஏற்றுக்கொள்ளும் சில படிகள் உண்டு. தண்டின் பட்டையை நகத்தால் சுரண்டிப் பச்சை இருக்கிறதா என்று பார்ப்பது. பச்சை இருந்தால் செடிக்கு உயிருண்டு. வேரை வெளியே எடுத்துப் பார்ப்பது. செத்த வேரை வெட்டி, எஞ்சிய வேருக்கு அளவான சிறிய சாடிக்கு மாற்றுவது. பெரிய சாடியில் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடந்து அழுகலை வளர்க்கும். நேர்வெயில் படாத, வெளிச்சமான இடத்தில் வைப்பது. புதுத்தளிர் வரும்வரை பசளை போடாதிருப்பது. உப்பு என்று சந்தேகித்தால், சாடியின் கொள்ளளவைப் போல் இருமடங்கு மழைநீரை மெதுவாக ஊற்றி வடியவிடுவது. மழைநீர் இல்லையென்றால் கிணற்று நீராலும் கழுவலாம், ஆனால் மண்ணின் உப்பை அந்த நீரின் உப்பு மட்டத்துக்குக் கீழே கொண்டுபோக முடியாது.

மாறுபாடு தொடங்குவது கவ்வாத்தில். வேர் குறைந்தால் மேற்பகுதியும் குறைய வேண்டும் என்பது தோட்டக்காரரின் நெடுநாள் விதி. இலையும் மொட்டுமே புது வேருக்கு வேண்டிய உணவையும் ஒட்சினையும் அனுப்புகின்றன, அவற்றை வெட்டுவது மீட்சியைத் தாமதப்படுத்தும் என்பது எதிர்வாதம். மெல்லிலைச் செடியில், காற்றுக்காலத்தில் முதல் தரப்புக்கும், தடித்த தண்டுள்ள குரோட்டனில் இரண்டாம் தரப்புக்கும் வலு அதிகம் என்று தோன்றுகிறது. நுனியை வெட்டித் தனியே நட்டுவைப்பது இரண்டுக்கும் நடுவே ஒரு காப்பு; தாய்ச்செடி போனாலும் வழி எஞ்சும்.

இந்த விடைகளில் பெரும்பாலானவை செடிக்கு எதைச் சேர்ப்பது என்று கேட்கின்றன. வலிகாமத்தில் முதலில் கேட்க வேண்டியது, சாடிக்குள் எது சேர்ந்து தேங்கியிருக்கிறது என்பதே. நீர், உப்பு, சுண்ணாம்பு, இறுகிய மண் என்று இங்கே உதிர்வை விளைவிப்பவற்றில் பல மிகையால் வருபவை.

தீராத கேள்விகள்

சாடிச்செடிகளின் உப்புத் தாங்குதிறன் பட்டியல்கள் பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்கக் கண்ணாடி வீடுகளில் தயாரானவை. சோளகத்தில் நிற்கும் விறாந்தைச் செடிக்கு அந்த எண்கள் எவ்வளவு பொருந்தும் என்பது விவாதத்துக்குரியது. உப்பும் காற்றும் சேர்ந்து தாக்கும்போது தாங்குதிறன் இறங்கும் என்று எதிர்பார்க்கக் காரணம் உண்டு. கோடையில் நீரைக் குறைத்துச் செடியை உறங்கவிடுவதா, வடியும் அளவுக்கு மிகுதியாக ஊற்றி உப்பைக் கழுவுவதா என்பதிலும் இரு தரப்புக்கும் நியாயம் இருக்கிறது. கிணறு நன்னீரானால் பின்னது, சவரானால் முன்னது என்று தற்காலிகமாகக் கொள்ளலாம்.

இன்னொன்று சாடி நிரப்பும் பொருள். இலங்கையிலிருந்து உலகெங்கும் போகும் தும்புத்தூள் செம்மண்ணின் இறுக்கத்துக்கு நல்ல மாற்று. ஆனால் மட்டையைச் சவர்நீரில் ஊறவைத்திருந்தால் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் அது கூடவே கொண்டுவரும். கல்சியம் கலந்த நீரால் கழுவிய பின்னரே தொழில்முறை வளர்ப்போர் அதைப் பயன்படுத்துகிறார்கள். வலிகாமத்துக் கிணற்று நீரில் கல்சியம் இயல்பாகவே மிகுதி. அந்த நீரால் தும்புத்தூளைக் கழுவினால் அதிலுள்ள சோடியம் வெளியேறிப் பயன் கிட்டுமா, அல்லது கூடவே வரும் இருகாபனேற்று அதைக் காரமாக்கி இரும்பைப் பூட்டிவிடுமா? கிணற்றுக்குக் கிணறு விடை மாறக்கூடிய கேள்வி இது. ஒரே நாற்றின் கன்றுகளை இரு வரிசைச் சாடிகளில் வைத்து, ஒரு கோடை முழுவதும் பார்த்தால் அந்தந்தக் கிணற்றுக்கு விடை சொல்ல முடியும்.